ப்ளூஸ் ஷஃபிள்: சுரங்கள் சரியாக விழுகின்றன, ஆட்டம் மட்டும் வரவில்லை

புதுத்தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டுகளாக ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரில் நானாகவே பயின்று வருகிறேன். திறந்த கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு), ஒரே விரலால் பல தந்திகளை அழுத்திப் பிடிக்கும் பார் கார்டுகள், சில எளிய பாடல்கள் ஆகியவற்றைக் கடந்து, கடந்த இரண்டு மாதங்களாக ஈ (E) சுருதியில் பன்னிரண்டு பார்கள் (ஒரு பார் என்பது நான்கு தாள அடிகள்) கொண்ட ப்ளூஸ் ஷஃபிள் என்னும் ஆட்ட நடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் வாசிப்பது எல்லோரும் முதலில் கற்கும் அந்த வடிவந்தான்: ஆறாம் தந்தியை அழுத்தாமல் திறந்து வைத்து, ஐந்தாம் தந்தியில் இரண்டாம் ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) ஆள்காட்டி விரலால் அழுத்தி இரண்டு முறை, பிறகு மோதிர விரலால் நான்காம் ஃபிரெட்டையும் சேர்த்து அழுத்தி இரண்டு முறை, இப்படியே ஒரு பாருக்கு எட்டு அடிகள். ஈ நான்கு பார்கள், ஏ இரண்டு, மறுபடி ஈ இரண்டு, பிறகு பி, ஏ, ஈ, பி என ஒவ்வொன்று என்ற வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

என் சிக்கல் இதுதான். சுரம் எதுவும் தப்பவில்லை. ஆனால் கேட்பதற்கு அது ப்ளூஸாக இல்லை; குதிரை வண்டி தார்ச்சாலையில் போவதுபோல் டக்கு டக்கு என்று துள்ளுகிறது. என் அக்காள் வீட்டில் வாய்ப்பாட்டு கற்றவர், அவருக்குத் தாளம் போட்டுப் பழகியவன் என்பதால் லயம் எனக்கு அந்நியமானது அன்று. ஆகவே குறை இடக்கையில்தான் இருக்க வேண்டும் என நினைக்கிறேன். குறிப்பாக பி வரும்போது ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலிருந்து நான்காம் தந்தியின் ஆறாம் ஃபிரெட் வரை சுண்டுவிரல் நீள வேண்டியிருக்கிறது, அங்கே கை இறுகி மணிக்கட்டும் வலிக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் வாசித்த பதிவை இணைத்திருக்கிறேன். விரலை நீட்டுவதற்கென்று தனிப் பயிற்சிகள் இருந்தால் தெரிவிக்கக் கோருகிறேன்.


லயப்பித்து எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் பதிவை மூன்று முறை கேட்டேன். சுண்டுவிரலைச் சற்று மறந்துவிடுங்கள், அதற்கும் அந்தக் குதிரை வண்டிக்கும் தொடர்பில்லை. உங்கள் இடக்கை சொன்னதைச் செய்கிறது. நீங்கள் வேறு நடையில் வாசிக்கிறீர்கள் என்பதே சிக்கல்.

அக்காளுக்குத் தாளம் போட்டவர் என்பதால் இதை நம் சொற்கட்டிலேயே விளக்கிவிடலாம். ஷஃபிள் என்பது திஸ்ரம். ஒரு தாள அடிக்குள் "தகிட" என்று மூன்று மாத்திரைகளை ஒரே அளவில் சொல்லிப் பாருங்கள். அதில் "த" மீது தந்தியில் ஓர் அடி, "ட" மீது ஓர் அடி. "கி" வரும்போது கை ஒன்றும் செய்யாது. முதல் அடிக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு என்ற அந்த நீளந்தான் ஷஃபிளின் அடிப்படை. நீங்கள் வாசித்திருப்பதோ சதுஸ்ரம். "தகதிமி" என்று நான்காகப் பிரித்து, "த" மீதும் "மி" மீதும் அடிக்கிறீர்கள். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு அது. இரண்டாவது அடி மிகவும் தாமதித்து வந்து, அடுத்த "த"வின் வாலில் இடித்துக்கொண்டு நிற்கிறது. குளம்போசை கேட்பது அதனால்தான். நீளமும் குட்டையும் மாறி மாறி வருகின்றன என்ற அளவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், ஷஃபிளைக் காதால் அல்லாமல் காகிதத்தால் கற்றவர்களில் பலர் இதில்தான் விழுகிறார்கள்.

திருத்துவதற்குக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நாற்காலியில் அமர்ந்து, நிமிடத்துக்கு 60 என்ற நடையில் பாதத்தால் தட்டிக்கொண்டு, மூன்று எழுத்துகளையும் உரக்கச் சொல்லுங்கள். சிறிது நேரத்துக்குப் பின் "கி"யை மட்டும் வாய்க்குள் விழுங்குங்கள். மனத்தில் அது ஒலிக்க வேண்டும், வெளியே கேட்கக் கூடாது. அது நிலைத்த பிறகு இடக்கையால் ஆறு தந்திகளையும் மேலோட்டமாகத் தொட்டு அடைத்துக்கொண்டு, சுரமே இல்லாமல் வெறும் சரக் சரக் ஒலியாக அதே நடையை வாசியுங்கள். சுரமில்லாத அந்த ஒலி ஆடத் தூண்டினால், பிறகு எந்தக் கார்டைப் பிடித்தாலும் அது ஷஃபிளாகத்தான் இருக்கும். தூண்டாவிட்டால் கார்டு பிடித்தும் பயனில்லை.

120 என்ற வேகத்தை இப்போதைக்குக் கைவிடுங்கள். 80 என்ற நடையில் பன்னிரண்டு பார்களும் முடிய 36 நொடிகள் ஆகும். அந்த 36 நொடிகளுக்குள், தாள அடிக்கு இரண்டு வீதம், தந்தியில் 96 அடிகள் இருக்கின்றன. அவற்றில் பாதி "ட"வில் விழுபவை. அந்த 48 அடிகளும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பதை மட்டும் கேளுங்கள்.


பழைய ஆம்ப் எழுதியது:

லயப்பித்து அவர்கள் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். அதில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நடை சரியானாலும் உங்கள் பதிவில் இன்னொன்று உறுத்தும் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வோர் அடியும் அடுத்த அடி வரும்வரை நீண்டு ஒலிக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று படிந்து முழுவதும் ஒரே கூழாகிவிடுகிறது. ஷஃபிளில் எப்போது அடிக்கிறோம் என்பதற்கு இணையாக, எப்போது நிறுத்துகிறோம் என்பதும் பயில வேண்டிய ஒன்று.

இதற்கு வலக்கையில் ஒரு வேலை, இடக்கையில் ஒரு வேலை. வலக்கையின் உள்ளங்கை ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழுள்ள சதைப்பகுதியை, பிரிட்ஜில் தந்திகள் புறப்படும் இடத்திலேயே மெல்ல வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் சுரமே செத்துப்போய் மரத்தைத் தட்டிய ஓசைதான் மிஞ்சும். பின்னே நகர்ந்தால் அடக்கமே இராது. சுரமும் தெரிய வேண்டும், அடங்கியும் இருக்க வேண்டும் என்ற அந்த இடம் ஒவ்வொரு கிட்டாரிலும் சிறிது மாறும், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடக்கையின் வேலை இன்னும் நுட்பமானது. "ட"வில் அடித்தவுடன், ஃபிரெட்டை அழுத்திய விரலைத் தந்தியைவிட்டு எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். அழுத்திய தந்தியின் ஒலி அங்கே வெட்டுப்படும். திறந்த தந்தியின் முழக்கத்தை உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். இந்தத் தளர்வால் கையும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நொடிப்பொழுது ஓய்வெடுக்கிறது. உங்கள் கை இறுகுவதற்குப் பாதிக் காரணம், பன்னிரண்டு பார்களும் முடியும்வரை விரல்களை ஒருமுறைகூடத் தளர்த்தாமல் அழுத்திக்கொண்டே இருப்பதுதான் என நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு எளிய வழி ஒன்று உண்டு: சுருதியை மாற்றிவிடுங்கள். ஈ சுருதியில் பி வரும்போதுதான் அடித்தந்தி திறந்து கிடைப்பதில்லை, அதனால்தான் நீட்ட வேண்டியிருக்கிறது. ஏ சுருதியில் வாசித்தால் தேவைப்படும் மூன்று கார்டுகள் ஏ, டி, ஈ. ஏ கார்டுக்கு ஐந்தாம் தந்தி திறந்திருக்கும், டி கார்டுக்கு நான்காம் தந்தி திறந்திருக்கும், ஈ கார்டுக்கு ஆறாம் தந்தி திறந்திருக்கும். மூன்றிலும் விரல்களின் வடிவம் ஒன்றே, இரண்டாம் ஃபிரெட்டும் நான்காம் ஃபிரெட்டுந்தான். தந்தி மட்டும் மாறும். நீட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஈ சுருதியிலேயே இருக்க விரும்பினால், பி வரும் பாரில் ஷஃபிள் வடிவத்தை விட்டுவிட்டுத் திறந்த பி செவன் கார்டை அதே நடையில் வாசிக்கலாம். பழைய பதிவுகளில் இது சர்வ சாதாரணம். மணிக்கட்டு வலியை மட்டும் பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள், வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் வாசிப்பும் மாறும் என்பது என் அனுபவம். இது பிறப்பால் கிட்டாருக்கு உரியதன்று. பியானோவின் இடக்கை வாசிப்பு. பூகி வூகி எனப்படும் பியானோ மரபில் வலக்கை விளையாடிக்கொண்டிருக்க, இடக்கை அடித்தளத்தில் இடைவிடாமல் உருண்டுகொண்டே இருக்கும். பைன்டாப் ஸ்மித் 1928 டிசம்பரில் சிகாகோவில் செய்த பதிவு அந்த மரபுக்கே பெயர் வாங்கித் தந்தது. மிசிசிப்பியின் கிட்டார்க்காரர்கள் அந்த இடக்கையை அடித்தந்திகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஜானி டெம்பிள் 1935இல் செய்த ஒரு பதிவில் அது கேட்கிறது. 1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்த "ஸ்வீட் ஹோம் சிகாகோ"வில் முழு உருவம் பெற்றுவிடுகிறது. தனியொருவராய் அமர்ந்து பாடுபவருக்குப் பின்னால் ஒரு பியானோக்காரரின் இடக்கையும் இருப்பதுபோன்ற மயக்கம் அதில் ஏற்படும். ஆகவே நீங்கள் வாசிக்கும்போது கார்டு அடிப்பதாக எண்ண வேண்டாம், உருளும் அடித்தளம் ஒன்றை வாசிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேல் தந்திகளில் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பட்டுவிடுமோ என்ற கவலையும் அப்போது குறையும், ஏனெனில் கை தானாகவே சிறிதாக அசையத் தொடங்கும்.

எதைக் கேட்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் ஜிம்மி ரீடைச் சொல்வேன். 1959இல் பதிவான அவருடைய "பேபி வாட் யூ வான்ட் மீ டு டூ" ஈ சுருதியில்தான் இருக்கிறது, நீங்கள் பயிலும் அதே வடிவந்தான், அவசரம் என்பதே அதில் கிடையாது. அவருக்குக் கிட்டார் சொல்லித்தந்தவரும், அவருடைய பல பதிவுகளில் இந்த அடித்தளத்தை வாசித்தவரும் எடி டெய்லர். அவர் தம் சொந்தப் பெயரில் 1955இல் வெளியிட்ட "பேட் பாய்" பாடலையும் கேளுங்கள். முதல் பத்து முறை கிட்டாரைத் தொடாமல் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள். ஸ்டீவி ரே வானின் "பிரைட் அண்ட் ஜாய்" பக்கம் இப்போதே போக வேண்டாம். 1983இல் வந்த அந்தப் பாடலில் அவர் தாள அடியில் தாழ்ந்த தந்தியைக் கீழ்நோக்கியும், இடையடியில் மேல் தந்திகளை மேல்நோக்கியும் அடித்து இரண்டையும் ஒரே கையால் பின்னுகிறார். அழகுதான், ஆனால் முதல் ஷஃபிளே நிற்காதவர் அதைத் தொட்டால் இரண்டும் போய்விடும். தொட்டுவிட்டு ஓராண்டை வீணாக்கியவன் சொல்கிறேன்.


கூரைமேல் மழை எழுதியது:

மேலே இருவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. எனினும் "தகிட" விளக்கத்தை ஒரு நிலைக்குமேல் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்க விரும்புகிறேன். இரண்டுக்கு ஒன்று என்பது ஷஃபிளைத் தாளில் எழுதுவதற்கான கணக்கு. மெதுவான ஷஃபிளில் அந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். வேகம் கூடக் கூட இரண்டாவது அடி சற்று முன்னே நகர்ந்து, இரண்டும் சமமாவதை நோக்கிச் சாயும். ஒரே வேகத்திலும் வாசிப்பவருக்கு வாசிப்பவர் மாறும். மிருதங்கம் பயின்றபின் கிட்டாருக்கு வந்த என் நண்பர் ஒருவர் மூன்று மாத்திரையையும் நூல் பிடித்தாற்போல் வாசிப்பார். பிழையே சொல்ல முடியாது, ஆனால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் இருக்கும்.

1950களின் ராக் அண்ட் ரோல் பதிவுகளில் இந்த இழுபறியை வெளிப்படையாகவே கேட்கலாம். சக் பெரியின் கிட்டார் நேரான சம அடிகளில் போகும், பின்னால் டிரம்ஸ் ஷஃபிளின் ஆட்டத்தை விடாமல் வைத்திருக்கும். 1958இல் வந்த "ஜானி பி குட்" பாடலைத் தாள வாத்தியத்தை மட்டும் கவனித்து ஒருமுறையும், கிட்டாரை மட்டும் கவனித்து ஒருமுறையும் கேட்டால் தெரியும். இரண்டும் ஒட்டாமல் உரசுவதிலிருந்துதான் அந்தப் பாட்டின் வேகம் பிறக்கிறது. இதைக் கணக்கால் கற்பிக்க இயலாது.

சீரான இடைவெளியில் ஒலித்து வேகம் காட்டும் மெட்ரோநோம் குறித்தும் ஒன்று. நான்கு அடிக்கும் அது ஒலித்தால் நாம் அதன்மேல் சாய்ந்துகொண்டு சோம்பேறியாகிவிடுகிறோம். லயப்பித்து அவர்கள் சொன்ன 80 என்ற நடைக்கு, மெட்ரோநோமை 40இல் வைத்து, அது ஒலிப்பதை இரண்டாவது நான்காவது அடிகளாகக் கொள்ளுங்கள். டிரம்ஸ் வாசிப்பவரின் ஸ்னேர் விழும் இடம் அது. முதலடி எங்கே என்பதை நீங்களே சுமக்க வேண்டியிருக்கும். முதல் சில நாள் மெட்ரோநோம் ஒன்றிலும் மூன்றிலும் ஒலிப்பதாகக் காது ஏமாற்றும். ஏமாந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.


லயப்பித்து எழுதியது:

கூரைமேல் மழை அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் கேள்வி கேட்டவர் இப்போது நிற்பது மூன்றுக்கு ஒன்றில். அவர் முதலில் இரண்டுக்கு ஒன்றுக்கு வந்து சேரட்டும். கோட்டின்மேல் நடக்கத் தெரிந்தபின் கோட்டைவிட்டு விலகுவது வேறு, கோடே தெரியாமல் விலகியிருப்பது வேறு. தையல் இயந்திரத்தைப் பற்றிய கவலை அவருக்கு ஓராண்டு கழித்து வரட்டும். 40இல் வைக்கும் யோசனையை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.


புதுத்தந்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் உடனே எழுதினால் பொய்யாக இருந்திருக்கும்.

பழைய பதிவைத் "தகதிமி" சொல்லிக்கொண்டே கேட்டேன்; "மி"யில் அச்சாக விழுகிறது. கேட்டபோது வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. முதல் வாரம் முழுவதும் அடைத்த தந்திகளில் சரக் சரக் மட்டுந்தான். வீட்டில் தேங்காய் துருவுகிறாயா என்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் ஏ சுருதிக்கு மாறினேன், கை வலி போய்விட்டது. இவ்வளவு நாள் ஈ சுருதியில் ஏன் முட்டிக்கொண்டிருந்தேன் என்பதற்கு, நான் பார்த்த முதல் காணொளி அதில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டுவதுதான் மிகவும் கடினமாக இருக்கிறது. நினைவு வைத்துச் செய்தால் நடை தவறுகிறது, நடையைக் கவனித்தால் தளர்த்த மறந்துவிடுகிறேன். மெட்ரோநோமை 40இல் வைப்பதில் இன்னும் இரண்டு சுற்றுக்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 72 என்ற நடையில் வாசித்த புதிய பதிவை இணைத்திருக்கிறேன்.

ஒரு துணைக்கேள்வி. பதினோராம் பாரும் பன்னிரண்டாம் பாரும் வரும்போது ஷஃபிளையே தொடர்ந்து வாசிக்கிறேன். சுற்று முடிந்து திரும்புகிறது என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. அங்கே டர்ன்அரவுண்ட் என்று ஏதோ வாசிக்கிறார்களே, ஷஃபிள் நடை அறுபடாமல் அதை எப்படிச் செருகுவது?


பழைய ஆம்ப் எழுதியது:

புதிய பதிவில் குதிரை இல்லை. மூன்றாம் சுற்றில் டி கார்டுக்குப் போகும்போது ஒருமுறை மட்டும் அவசரப்படுகிறீர்கள், மற்றபடி அமர்ந்து கேட்கக்கூடிய வாசிப்பு. தளர்த்துவதை இப்போதைக்கு எல்லா அடிகளிலும் செய்ய முயலாமல், ஒவ்வொரு பாரிலும் கடைசி "ட"வில் மட்டும் செய்யுங்கள். அது கைப்பழக்கமானபின் மற்றவை தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

டர்ன்அரவுண்டுக்கு மிக எளிய ஒன்று சொல்கிறேன். ஏ சுருதியில் பதினோராம் பாரின் முதலடியில் ஏ கார்டின் அடித்தளத்தை ஒருமுறை வாசித்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டாம் அடியில் நான்காம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட், மூன்றாம் அடியில் நான்காம் ஃபிரெட், நான்காம் அடியில் மூன்றாம் ஃபிரெட், பன்னிரண்டாம் பாரின் முதலடியில் இரண்டாம் ஃபிரெட். ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ என ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறீர்கள். இரண்டாம் அடியில் உடனே ஈ செவன் கார்டு. பாரின் மீதி முழுவதும் அதுவே ஒலிக்கட்டும். அது ஏ கார்டுக்குத் திரும்ப இழுக்கும், சுற்று மறுபடி தொடங்கும். பின்னர் ஈ சுருதிக்குப் போனாலும் இதே ஃபிரெட்டுகள்தான், நான்காம் தந்திக்குப் பதில் ஐந்தாம் தந்தி. டி, சி ஷார்ப், சி, பி என இறங்கி பி செவன் கார்டில் நிற்கும்.

நடை அறுபடாமல் இருப்பதற்குத்தான் நீங்கள் கேட்டீர்கள். இறங்கும் மூன்று அடிகளிலும் ஒவ்வொரு சுரத்தையும் "தகிட" என்று மூன்று முறை வாசியுங்கள், "கி"யையும் விடாமல். இதுவரை விழுங்கிக்கொண்டிருந்த அந்த நடு மாத்திரை அங்கே மட்டும் வெளியே வரும். டர்ன்அரவுண்ட் வந்துவிட்டது என்று கேட்பவருக்குச் சொல்வது பெரும்பாலும் அதுதான்.


புதுத்தந்தி எழுதியது:

இப்போதுதான் முயன்று பார்த்தேன். இறங்குவது சரியாக வருகிறது. ஈ செவன் கார்டுக்குத்தான் ஒரு "ட" அளவு தாமதமாகிறது. 60க்கு இறக்கிவிட்டேன்.